ஹவுளுத் தண்ணீர் சிவந்த கிழமை

பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் பேனையை எடுத்தேன். நான் எழுதிப் பழகியவன் அல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றுவிட்டது. முப்பத்தொரு வருடம் பிரதேச செயலகம் ஒன்றின் சுற்றாடல் பிரிவில் வெளிக்கள உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். முறைப்பாடு வந்த இடத்துக்கு முதலில் போய் நிற்பவன், உத்தியோகத்தருக்கு வழிகாட்டுபவன், அறிவித்தலைக் கொண்டுபோய்க் கதவில் ஒட்டுபவன், ஏச்சையும் முதலில் வாங்குபவன். அதுதான் என் உத்தியோகம். அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சோறு என் பிள்ளைகளுக்கு ஒட்டியது.

என் மகள் இப்போது அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறாள். அவளும் கூட வேலை செய்கிற நாலைந்து பிள்ளைகளும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு மண்டபத்தில் கூடி நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். கடல் அரிப்பு, குப்பைமேட்டில் யானை, இளைஞர் வேலையின்மை, கட்டாருக்குப் போகிறவர்கள் என்று எல்லாவற்றுக்கும் குறிப்பு வைத்திருக்கிறார்கள். போன கிழமை ஒரு கேள்வியை உரத்து வாசித்தார்கள். சுற்றாடலைக் காப்பதா, தொழில்வாய்ப்பைக் காப்பதா, ஆராய்க என்று. ஆளுக்கொரு விடை எழுதினார்கள். எல்லா விடையும் ஒரே வசனத்தில்தான் முடிந்தது. இரண்டுக்குமிடையே சமநிலை பேணப்பட வேண்டும்.

மகள் என்னிடம் திரும்பினாள். "வாப்பா, நீங்க இதுக்குள்ளதானே கிடந்தீங்க. இந்த விடை சரிதானே?"

சரிதான் என்றேன். பிறகு மனம் கேட்கவில்லை. "சரிதான் மகள். ஆனா அதுக்கு முன்னால கேக்க வேண்டிய ஒண்டு இரிக்கி" என்றேன். அது என்ன என்று எல்லோரும் கொப்பியைத் திறந்தார்கள். என்னால் ஒரு வசனத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் நடந்ததை எழுதித் தருகிறேன். பரீட்சை எழுதுகிறவர்களும், எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாரும் வாசியுங்கள். இது நான் செய்த பிழை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்தது. எங்கள் பிரிவுக்குப் புதிய உத்தியோகத்தராக சுபாஜினி மிஸ் வந்திருந்தார். காரைதீவுத் தமிழ்ப் பிள்ளை; என்னை எங்கள் வழக்கப்படி காக்கா, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுவார். பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து வந்தவர். வந்து இரண்டாவது கிழமை. எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்பார். சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கந்தோருக்குள் நுழையும்போதே எல்லோர் கையிலும் அந்த வீடியோ. மருதமுனையில் நெசவு வீதிகள் இருக்கிற பக்கம் ஒரு பள்ளிவாசல். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி வுழூ எடுக்கிற தொட்டியை நாங்கள் ஹவுளு என்போம். அந்த ஹவுளுத் தண்ணீர் சிவந்து கிடந்தது. யாரோ கையால் அள்ளிக் காட்டி, பள்ளிக்குப் பின்னால் இருக்கிற சாயக் கொட்டிலையும் காட்டி, இதைக் கேட்க ஆள் இல்லையா என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் மோட்டார் சைக்கிளை எடுக்குமுன் அது வட்ஸ்அப்பில் ஊரெல்லாம் போய்விட்டது.

ஹவுளு என்றால் என்ன, அதன் தண்ணீர் ஏன் அவ்வளவு முக்கியம் என்று மிஸ் வழியில் கேட்டார். மதரசாவில் ஓதும் காலத்தில் மனப்பாடம் செய்ததைப் பெருமையாகச் சொன்னேன். தண்ணீருக்கு நிறம், மணம், சுவை என்று மூன்று இருக்கிறது. வேறு பொருள் கலந்து அதில் ஒன்று மாறினாலும் அந்தத் தண்ணீரில் வுழூ கூடாது. வுழூ கூடாவிட்டால் தொழுகையும் கூடாது.

"அப்ப உங்களுக்கு எங்கட சோதனைக்கூடத்துக்கு முன்னமே ஒரு சோதனைக்கூடம் இரிக்கி, காக்கா" என்றார் மிஸ். எனக்கு அது பிடித்துவிட்டது.

பள்ளியடியில் சனம் கூடியிருந்தது. பள்ளியை நிர்வகிக்கிற நம்பிக்கையாளர் சபைத் தலைவரை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். அவர் முன்னால் நின்றார். ஹவுளுவை எட்டிப் பார்த்தேன். தேங்காய்ப் பொச்சு ஊறப்போட்ட தண்ணீர் மாதிரிக் கிடந்தது. பின்பக்கம் ஒரு ஒழுங்கை, அதற்கு அங்கால் றாபியா ராத்தாவின் சாயக் கொட்டில். ஊருக்கே அவர் ராத்தா, அக்கா முறை. நூலுக்குச் சாயம் போட்டு, சுற்றுவட்டாரத் தறிகளுக்குக் கொடுக்கிறவர். ஐந்து பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். அன்றைக்குச் சாரன், அதாவது கைலி, நெய்கிற நூலுக்கான அரக்குச் சாயம். கொட்டிலின் பின்னால் ஒரு வாய்க்கால் வழியாகச் சிவப்பாக ஓடி மணலுக்குள் வற்றிக்கொண்டிருந்தது. இங்கே சிவப்பு, அங்கே சிவப்பு, நடுவில் ஒரு ஒழுங்கை. எனக்கு வேறென்ன வேண்டும்?

மிஸ் மட்டும் கேட்டார், இந்தத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று. கிணற்றிலிருந்து என்றார் ஹாஜியார். எந்தக் கிணறு என்று நான் கேட்கவில்லை. மிஸ் ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம் என்றார். முடிவு வரக் கிழமைக்கணக்காகும். வெளியில் நின்ற ஒருத்தன், "காக்காட கண்ணுக்குச் சிவப்புத் தெரியாதாக்கும், கொழும்புக்கு அனுப்பித்தான் பாக்கணுமாம்" என்றான். சிரிப்பு எழுந்தது. இன்னொருத்தன், ராத்தாவின் வாய்க்காலிலேயே வுழூ எடுத்தால் சாரனுக்கும் புதுச் சாயம் பிடிக்கும் என்றான். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் பின்னால் நின்ற இளந்தாரிகள் சிரிக்கவில்லை. ஜும்ஆத் தொழுகைக்கு முன் முடிவு சொல்லாவிட்டால் அவர்கள் கொட்டிலின் தகரத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எனக்குப் பட்டது.

அந்த நேரம் பள்ளி மௌலவி என்னைத் தனியே கூப்பிட்டார். பாலமுனைப் பக்கத்து இளம் மனிதர், சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். "காக்கா, இது மண்ணால வந்த மாற்றமா, வெளியால வந்து கலந்ததா?" என்று கேட்டார்.

"சாயம் மௌலவி, சாயம்" என்றேன்.

அவர் உள்ளே போய், வீட்டிலேயே வுழூ எடுத்து வரும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார். அந்தக் காலையில் இரண்டு பேர் சரியான கேள்வி கேட்டார்கள். இரண்டுக்கும் நான் காது கொடுக்கவில்லை.

பள்ளிக் கந்தோர் மேசையில் அறிக்கை எழுதினோம். மிஸ் தயங்கினார். "எழுதுங்க மிஸ், என்ட சேர்விசில இப்படி எத்தனையைப் பாத்திருக்கன்" என்றேன். அனுபவம் என்று சொல்லி அந்தப் பிள்ளையின் வாயை அடைத்தேன். தம்பிமார், நீங்களும் ஒரு நாள் மூத்தவர்களாவீர்கள். அப்போது இந்த வசனத்தைச் சொல்ல வாய் உன்னும். கொஞ்சம் பொறுங்கள்.

கொட்டிலை மூடச் சொல்லும் அறிவித்தலை ஒட்ட நான்தான் போனேன். றாபியா ராத்தாவின் கைகள் முழங்கை வரை அரக்காக இருந்தன. அழுவார், ஏசுவார் என்று நினைத்துப் போனேன். அவர் நின்ற இடத்திலிருந்தே கேட்டார். "ஹவுளு என்ன நிறமாம்?"

"சிவப்பு."

"என்ன சிவப்பு?"

என்னைப் பகிடி பண்ணுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். "சிவப்பெண்டாச் சிவப்புத்தான் ராத்தா" என்று கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். "சிவப்பில எத்தனை இரிக்கி காக்கா" என்று பின்னால் குரல் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இருபது நாள்தான் இருந்தது. கல்முனைக் கடை ஒன்றுக்குச் சாரன் கொடுக்க அந்த வீதித் தறிகளெல்லாம் ஒத்துக்கொண்டிருந்தன. ராத்தாவின் கொட்டில் நின்றால் அந்த ஐந்து பெண்களின் வேலை மட்டும் நிற்பதில்லை. நூல் வராமல் தறிகளும் ஒவ்வொன்றாக நிற்கும். திங்கட்கிழமை அந்த வீதியால் போனபோது தறிச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. பள்ளித் தண்ணீர் அல்லவா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஹாஜியார் தொலைபேசி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஹவுளுவை இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டார்களாம். மறுநாளே திரும்பவும் சிவந்துவிட்டதாம். அந்தப் பெண் கதவைப் பூட்டிவிட்டுக் களவாகச் சாயம் போடுகிறாள், பொலிசைக் கூட்டி வந்து முத்திரை வையுங்கள் என்றார். அதற்கான கடிதத்தை நானே எழுதத் தொடங்கினேன். பொலிஸ் முத்திரை விழுந்தால் நீதிமன்றம் போகாமல் திறக்க முடியாது. பெருநாள் போய்விடும், கடைக்காரன் வேறு ஊருக்குப் போய்விடுவான், அந்தப் பெண்களில் இரண்டு பேர் ஏற்கனவே வெளிநாட்டு முகவரிடம் பாஸ்போட் கொடுக்கக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

கடிதம் பாதியில் இருக்கும்போது றாபியா ராத்தா கந்தோருக்குள் வந்தார். கையில் ஒரு பை. அதிலிருந்து இரண்டு போத்தல்களை எடுத்து மிஸ்ஸின் மேசையில் வைத்தார். இரண்டும் சிவப்பு. ஒன்று பள்ளியில் பாங்கு சொல்லுகிற மோதினாரிடம் கேட்டு வாங்கிய ஹவுளுத் தண்ணீர். மற்றது அவருடைய சாயப் பானையில் எஞ்சிக் கிடந்தது.

"நான் ஒண்டும் கெஞ்ச வரல்ல மிஸ். இதை ஆட்டாம அஸர் வரைக்கும் வெச்சிருங்க. பிறகு என்ன செய்யணுமோ செய்ங்க."

மிஸ் என் கடிதத்தைப் பார்த்தார். "காக்கா, அஸருக்கு எத்தனை மணித்தியாலம் இரிக்கி?" என்று கேட்டார். பின்னேரத் தொழுகைதான் அஸர், ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். பேனையை மூடி வைக்கச் சொன்னார்.

அன்றைக்குப் பகல் கந்தோரில் யாருக்கும் சரியாக வேலை ஓடவில்லை. காணிப் பிரிவுக்காரர் வந்து பார்த்தார், காசாளர் வந்து பார்த்தார். ளுஹர் தொழுதுவிட்டு வந்து நானும் பார்த்தேன். ஹவுளுப் போத்தலின் மேல்பக்கம் தெளியத் தொடங்கியிருந்தது. அஸருக்கு முன் அதன் அடியில் துருப் பொடி மாதிரி ஒரு படை, மேலே நல்ல தண்ணீர். சாயப் போத்தல் வைத்தபடியே அரக்காக நின்றது.

"சாயமெண்டா இறங்காது" என்றார் ராத்தா. "இறங்கினா நாங்க எப்படி நூலுக்கு ஏத்துற? இது இரும்புத் தண்ணி. இந்தத் தண்ணியில சாயம் போட்டா நிறம் செத்துப் போகும். அதுக்காகத்தான் நாங்க ஆழமாக் கிணறு வெட்டாம மேல்தண்ணியில நிக்கிற. பள்ளியில புதுசாக் குழாய்க்கிணறு அடிச்சாங்களே, ஆராச்சும் கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. மிஸ் என்னைப் பார்க்கவுமில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

உடனே பள்ளிக்குப் போனோம். பழைய கிணற்றில் உப்புக் கலந்ததால் ஊர் மக்களின் நன்கொடையில் ஒரு மாதத்துக்கு முன் குழாய்க்கிணறு அடித்திருந்தார்கள்; ஹவுளுவுக்கும் அதிலிருந்து தண்ணீர் விடத் தொடங்கியது அந்த வெள்ளிக்குச் சில நாள் முன்புதான். மோதினார் தண்ணீரைத் திறந்துவிட்டார். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர் வந்தது. ஹாஜியாருக்கு முகம் மலர்ந்தது. "பாருங்க, எங்கட தண்ணி எவ்வளவு சுத்தம்" என்றார்.

"காத்துப் பட்டாத்தான் சிவக்கும், ஹாஜியார்" என்று ராத்தா கேற்றுக்கு வெளியே நின்றபடி சொன்னார். "இந்தத் தண்ணியில தேத்தண்ணி ஊத்தினா என்ன நிறம் வாற? அதைச் செல்லுங்க."

மோதினார் தலையைச் சொறிந்தார். ஒரு மாதமாகப் பள்ளித் தேத்தண்ணி கறுப்பாகத்தான் வருகிறது, தேயிலை கூடாது என்று இரண்டு கடை மாற்றிவிட்டோம் என்றார். மிஸ் தன் பையிலிருந்த போத்தலைத் திறந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த, பால் விடாத பிளேன்டீ. ஒரு கிளாசில் கொஞ்சம் ஊற்றி, அதன்மேல் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். நல்ல சிவந்த தேத்தண்ணி எங்கள் கண்ணுக்கு முன்னால் மை மாதிரிக் கறுத்தது. மிஸ் அதைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி. இன்னொரு தரம் செய்து பார்ப்போமா என்று கேட்டார். செய்தோம். மறுபடியும் கறுத்தது.

எனக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. அறிக்கை எழுதும்போது மேசைக்கு வந்த தேத்தண்ணி அப்படித்தான் கறுத்திருந்தது. தேயிலைச் சாயம் கூடிவிட்டதாக்கும் என்று இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டுக் குடித்தேன். விடையைக் குடித்துவிட்டுப் பிழையை எழுதினேன்.

ஹாஜியார் உடைந்துபோனார். ஊர்க்காசில் அடித்த கிணறு. சனத்துக்கு என்ன சொல்வது, இவ்வளவு நாள் தொழுத தொழுகைக்கு யார் பதில் சொல்வது என்று வாய்விட்டே கேட்டார். மௌலவி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதைத்தான் நான் வெள்ளிக்கிழமை காக்காக்கிட்ட கேட்ட. வெளியால வந்து சாயம் கலந்திருந்தா வுழூ கூடாது. மண்ணுக்குள்ள இருந்து வந்த நிறமெண்டா ஒரு பழுதும் இல்ல. தண்ணி தன்ட இடத்தால மாறினா அது தண்ணிதான். உங்கட தொழுகையெல்லாம் கூடும்."

நான் மதரசாவில் படித்த சட்டத்தின் மற்றப் பாதி அது. முதல் பாதியை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்து, அதைக் கொண்டு ஒரு பெண்ணின் கதவையும் அடைத்து, ஒரு ஜமாஅத்தின் தொழுகையிலும் சந்தேகத்தைப் போட்டிருக்கிறேன். அஸ்தக்ஃபிருல்லாஹ்.

மோதினார் மெதுவாகக் கேட்டார். "அப்ப மௌலவி, நான் சந்தேகத்தில வீட்டில திரும்பத் தொழுததெல்லாம்?"

"நன்மைதான், காக்கா. வீணாப் போகாது."

அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். ஹாஜியார் கேற்றடிக்குப் போய் ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

சனம் கலைந்த பிறகு அறிவித்தலைக் கிழிக்கக் கொட்டிலடிக்குப் போனோம். நான் கையை வைக்குமுன் ராத்தா தடுத்தார். வெள்ளிக்கிழமை எழுத்தில் ஒட்டியதை இன்றைக்கு வாயால் கழற்ற முடியாது, எழுத்திலேயே தாருங்கள் என்றார். நியாயம். மிஸ் தான் எழுதுவதாகச் சொன்னார். நான் விடவில்லை. பிழை என்னுடையது. மோட்டார் சைக்கிள் சீற்றில் தாளை வைத்து என் கையாலேயே எழுதினேன். இது என் சேவைக் கோவைக்குள் போகும், ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது என்ற பயம் இருந்தது. அதைவிட வெட்கம் கூடுதலாக இருந்தது. அந்த வெட்கத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டேன். இந்தச் சாயக் கொட்டிலால் சுற்றாடலுக்கு எந்தத் தீங்கும் இல்லை என்று எழுதினேன்.

ராத்தா வாங்கி, எழுத்துக் கூட்டி நிதானமாக வாசித்தார். பிறகு தாளை என்னிடமே நீட்டினார்.

"இதுவும் பொய் காக்கா."

நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"என்ட சாயத்தண்ணி மண்ணுக்கத்தான் போகுது. எனக்குத் தெரியும். ஒரு குழி வெட்டிச் செய்ய வேணுமெண்டு நாலு வருஷமா நினைச்சிக் கிடக்கன், செய்யல்ல. அது என்ட பிழை. அந்த ஹவுளுச் சிவப்பு என்டதில்ல. என்ட பிழையை மட்டும் சரியா எழுதுங்க. அதுக்கு நான் பதில் செல்றன்."

மிஸ் அவரிடம் கேட்டார். "குழி வெட்ட உங்களுக்கு எத்தனை நாள் வேணும் ராத்தா?"

இந்தக் கேள்வியை இருபத்தொன்பது வருடத்தில் எங்கள் பிரிவில் யாரும் யாரிடமும் கேட்டதை நான் காணவில்லை. பதினான்கு நாள் என்று நாங்கள்தான் எழுதிக்கொடுப்போம். ஏன் பதினான்கு என்று எங்களுக்கும் தெரியாது. றாபியா ராத்தா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். பெருநாள் ஓடர் போகட்டும், அதற்குப் பிறகு இரண்டு கிழமை, அதுவரைக்கும் கழிவுத் தண்ணியைப் பீப்பாவில் பிடித்து வைக்கிறேன் என்றார். பீப்பா எங்கே வைப்பது, குழிக்கு அடியில் என்ன போடுவது என்று இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். மிஸ் கேட்க, ராத்தா மணலில் குச்சியால் கீறிக் காட்டினார். நான் ஒருபக்கம் நின்று அவர்கள் கதைத்ததை அப்படியே புதுத் தாளில் எழுதினேன். ஹவுளுவின் நிறத்துக்கும் இந்தக் கொட்டிலுக்கும் தொடர்பில்லை, வெள்ளிக்கிழமை எழுதியது எங்கள் பிழை என்று முதலில் போட்டேன். வாய்க்கால் திறந்து கிடப்பது கொட்டிலின் பிழை, இன்ன நாளைக்குள் திருத்தப்படும் என்று அதன் கீழே போட்டேன். மிஸ் கையெழுத்து வைத்தார். ராத்தாவும் வைத்தார். அவருடைய பெருவிரலின் அரக்கு ஓரத்தில் பிடித்துவிட்டது.

ஒட்டுவதற்குப் பசை தேடினேன். கந்தோரிலேயே விட்டு வந்திருந்தேன். ராத்தா உள்ளே போய், நூல் பாவுக்குப் போடுகிற கஞ்சியை ஒரு சிரட்டையில் கொண்டுவந்தார். பழைய அறிவித்தலின் மேலேயே புதியதை வைத்து, தன் கையாலேயே தடவி, நான்கு மூலையையும் அழுத்தினார். பிறகு உள்ளே திரும்பி, சேதி கேட்டு வந்திருந்த அந்த ஐந்து பெண்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாய அடுப்பை மூட்டச் சொன்னார்.